நுரைக்கும் சைடருக்குத் தக்கையா, சோடா மூடியா?

போன வருஷம் மார்ச்சில் 24 ஷாம்பெயின் பாட்டில்களில், ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்த வீட்டு சைடரை நிரப்பித் தக்கை அடித்தேன். ஐந்து தக்கைகள் கழுத்துக்குள் முழுசாக இறங்கிவிட்டன. இன்னும் மூன்று, தக்கைக்கு மேல் மாட்டும் கம்பிக் கூட்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள் தானாகவே மேலே எழும்பின. சரியாக உட்கார்ந்ததாக நினைத்த மீதிப் பதினாறில் ஆறு, மே மாதம் கொஞ்சம் வெயில் வந்ததும் கசிய ஆரம்பித்தன. கொட்டகைக் கதவைத் திறந்தால் புளித்த ஆப்பிள் வாசம். தரையில் கால் வைத்தால் செருப்பு ஒட்டும். நுரையோடு மேசைக்கு வந்து சேர்ந்தவை பத்துதான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், லெட்பரி பக்கம். ஆப்பிள் இங்கே நம் ஊர் மாங்காய் மாதிரி. சீசனில் யார் வீட்டு வாசலிலாவது ஒரு கூடை 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வைக்கப்பட்டிருக்கும். எங்கள் தோட்டத்து பிராம்லி காய்களோடு அக்கம்பக்கத்தில் கிடைத்த டாபினெட்டையும் சேர்த்து அக்டோபரில் பிழிந்தோம். இப்போது தொட்டிகளில் 36 லிட்டர் இருக்கிறது. 750 மில்லி கணக்கில் 48 பாட்டில். ஆறு மாதம் காத்திருந்த சரக்கு, போன வருஷம் மாதிரி தரைக்குப் போகக் கூடாது. அதனால் நிரப்புவதற்கு முன்னாலேயே நாலு வகை மூடிகளையும் வாங்கி, வெறும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் அடித்துப் பார்த்து, போன வருஷத்துத் தக்கைகளையும் எடுத்து வைத்து ஆராய்ந்தேன். இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் அழுத்தக் கணக்கு

எந்த மூடி என்பதைச் சர்க்கரைதான் தீர்மானிக்கிறது. நொதித்து முடிந்த சைடரில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டு மூடினால், ஈஸ்ட் அதைத் தின்று ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயுவை உண்டாக்கும். சைடரில் ஏற்கெனவே கரைந்து கிடக்கும் வாயு இதோடு சேரும். லிட்டருக்கு 8 கிராம் போட்டால், அறை வெப்பத்தில் பாட்டிலுக்குள் இருப்பது ஒரு கார் டயரின் அழுத்தம். நான் போன வருஷம் போட்டது 12 கிராம். அது சுமார் மூன்றரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஷாம்பெயின்காரர்கள் 24 கிராம் வரை போட்டு ஆறு பார் அளவுக்குக் கொண்டுபோவார்கள்.

மூன்றரை பார் என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஷாம்பெயின் பாட்டில் கழுத்தின் உள்விட்டம் சுமார் 17.5 மி.மீ. அந்தச் சின்ன வட்டத்தின் மேல் விழும் விசையைக் கணக்குப் போட்டால் எட்டு கிலோவுக்கு மேல் வருகிறது. ஒரு பெரிய தர்பூசணியின் எடை, ராத்திரி பகலாக, மாதக்கணக்கில் தக்கையைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெயில் ஏறினால் இன்னும் கூடும். மே மாதத்தில் என் பாட்டில்களின் கசிவைக் கிளப்பிவிட்டது இதுதான்.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். அதில் கேஸ் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குக் கோலி ரப்பர் வளையத்தோடு அழுந்தும்; அழுத்தமே மூடியைக் காவல் காக்கிறது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. தக்கையில் எல்லாம் தலைகீழ். அழுத்தம் ஏற ஏறத் தக்கைக்கு வெளியே போகத்தான் ஆசை. அதைப் பிடித்து நிறுத்துபவை, கழுத்துச் சுவரோடு தக்கை நெருக்கும் நெருக்கம் ஒன்று, மேலே கட்டிய கம்பி ஒன்று. இரண்டில் எது குறைந்தாலும் சைடர் தரையில்தான்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஒயின் பாட்டிலில் நுரைக்கும் சைடரை நிரப்பவே கூடாது. அது அழுத்தத்துக்குச் செய்ததில்லை. வெடிக்கும், கண்ணாடிச் சில்லு முகத்துக்கு வரும். கெட்டிக் கண்ணாடிப் பாட்டிலின் கதையே இந்தப் பக்கத்துச் சைடரோடு பின்னிக் கிடக்கிறது. 1615-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். உலைகள் நிலக்கரிக்கு மாறின, சூடு கூடியது, கண்ணாடி கனத்தது. அப்படிப்பட்ட பாட்டில்களில் ஹெரிஃபோர்ட்ஷயர்காரர்கள் சர்க்கரை போட்டுச் சைடரை நுரைக்க வைத்துக்கொண்டிருந்தது பதினேழாம் நூற்றாண்டிலேயே. பழைய ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தால் அவற்றையே கழுவிப் பயன்படுத்துங்கள். வாயில் உடைசல், உடம்பில் ஆழமான கீறல் இருந்தால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தக்கை ஏன் தகராறு செய்கிறது

ஷாம்பெயின் தக்கை காளான் வடிவத்தில் பிறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புதுத் தக்கை நேரான உருளை. சுமார் 31 மி.மீ. விட்டம், 48 மி.மீ. உயரம். அதை 17.5 மி.மீ. கழுத்துக்குள் பாதி வரைக்கும் நெருக்கித் திணிப்பதால்தான் அடி ஒடுங்கி, தலை உப்பிக் காளானாகிறது. 31-ஐ 17-க்குக் கொண்டுவர நல்ல பலமான கருவி வேண்டும். ஒயினுக்கான தக்கை 24 மி.மீ.தான். அதற்குச் செய்த கருவியில் 31 மி.மீ. தக்கை, அதை நெருக்கும் தாடைக்குள்ளேயே போகாது.

நான் வாடகைக்கு எடுத்தது தரையில் நிற்கும் ஒயின் கருவி. ஷாம்பெயின் தக்கை அதில் நுழையவில்லை. அதனால் பெல்ஜியத்தில் பெரிய பீர் பாட்டில்களுக்குப் போடும் 25.5 மி.மீ. தக்கைகளை வாங்கினேன். அந்த முடிவில் தவறில்லை. பெல்ஜிய பீரிலும் கேஸ் நன்றாகவே இருக்கும். அந்தத் தக்கை அதைத் தாங்குகிறது. தவறுகள் அதற்கு அப்புறம் நடந்தவை.

உள்ளே இறங்கிப்போன ஐந்தும் கருவியின் பழக்கத்தால் வந்த வினை. ஒயினுக்குத் தக்கை வாயோடு வாயாக உள்ளே போக வேண்டும். கருவி அதற்குத்தான் பழக்கப்பட்டது. நமக்கோ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 மி.மீ. அளவுக்கு வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பிக் கூட்டுக்குப் பிடிக்கத் தலை கிடையாது, கையால் திறக்கவும் முடியாது. இதற்கு வழி இருக்கிறது. கைப்பிடி கீழே முழுதாக இறங்காதபடி ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக வையுங்கள். கட்டையில் பட்டதும் நிறுத்திவிட்டு, கைப்பிடியை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாட்டில் நிற்கும் தட்டைக் கீழே அழுத்துங்கள். தக்கையின் தலை தாடையிலிருந்து வழுக்கி வெளியே வரும். வந்த வேகத்தில் உப்பும். பார்க்கவே நன்றாக இருக்கும். கட்டையின் உயரத்தை வெறும் பாட்டிலில் நாலைந்து தடவை அடித்துச் சரிபார்த்த பிறகே சைடர் பாட்டிலைத் தொடுங்கள்.

எழும்பிய மூன்றுக்கும் காரணம் என் அவசரம். பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்பிவிட்டேன். தக்கை இறங்கும்போது கீழே இருக்கும் காற்று ஒதுங்க இடமில்லாமல் சுருங்குகிறது. கருவியை விட்டதும் ஸ்பிரிங் மாதிரி தக்கையை மேலே தள்ளுகிறது. தவிர, கழுத்தின் உட்சுவர் சைடரில் நனைந்திருந்தது. ஈரக் கண்ணாடியில் தக்கை பிடிக்காது. இப்போது வாயிலிருந்து 5 செ.மீ. கீழேயே நிறுத்துகிறேன், தக்கை போன பிறகும் இரண்டு செ.மீ. காலி இடம் இருக்கும். சுத்தமான துணியை விரலில் சுற்றிக் கழுத்தை ஒருமுறை துடைக்கிறேன். அதோடு, பத்து பாட்டில் அடித்துவிட்டு மொத்தமாகக் கம்பி போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன். ஒன்று அடித்தால் உடனே அதற்குக் கம்பி. வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் நின்று கம்பி முறுக்கிக் கொடுத்தால் வேலை பாதியாகும். ஆறு அரைச் சுற்று முறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் கம்பி அறுந்துவிடும்.

கசிந்த ஆறுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அந்தத் தக்கைகளைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு. வேட்டியில் இஸ்திரி மடிப்பு விழுந்த மாதிரி. நகத்தால் தடவினால் பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளத்தில் சைடர் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது. அதுதான் அது வெளியேறிய வாய்க்கால். ஆறிலும் கோடு ஒரே அகலம். அப்படியானால் கோளாறு தக்கையில் இல்லை, கருவியின் தாடையில். தாடைகள் மூடும்போது நடுவே இடுக்கு விழுந்தால் தக்கையின் சதை அந்த இடுக்கில் மாட்டி மடிகிறது. வாடகைக் கருவி எத்தனை பேர் கை மாறியதோ. தாடையின் ஓரத்தில் சின்னத் தேய்மானம் இருந்தது. நீங்கள் எடுக்கும் கருவியில் முதல் தக்கையை அடித்ததும் பிடுங்கிப் பாருங்கள். கோடு இருந்தால் தாடைகளைத் துடைத்துவிட்டு இன்னொன்று அடியுங்கள். அப்போதும் கோடு விழுந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; அதில் அடிக்கும் எல்லாமே கசியும்.

தக்கையைக் கொதிநீரில் ஊறப்போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். தக்கையின் மேல் வழுக்கலுக்கும் அடைப்புக்குமாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கொதிநீர் அதைக் கெடுத்துவிடும், தக்கையும் பஞ்சாகிவிடும். சீல் பிரிக்காத பையிலிருந்து எடுத்து அப்படியே போடலாம். மனசு கேட்காவிட்டால் கிருமி நீக்கும் சல்பைட் கரைசலில் ஒரு நொடி முக்கி எடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஷாம்பெயின் தக்கையின் உடம்பு தூள் தக்கையை ஒட்டிச் செய்தது, ஒரு முனையில் மட்டும் முழுத் தக்கை வில்லைகள் ஒட்டியிருக்கும். அந்த முனைதான் சைடரைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போடுவது எளிதில் நடந்துவிடும்.

சோடா மூடி

அடுத்தது நம் சோடா பாட்டில் மூடி. வில்லியம் பெயின்டர் என்பவர் அமெரிக்காவின் பால்டிமோரில் 1892-இல் காப்புரிமை வாங்கியது. தகர மூடி, விளிம்பில் 21 பற்கள், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம். இதை ஷாம்பெயின் பாட்டிலில் போடலாம் என்பதே எனக்கு முதலில் தெரியாது. அந்தப் பாட்டிலின் வாய் விளிம்பைக் கவனித்துப் பாருங்கள். சோடா மூடி பிடிப்பதற்கான உதடு அதில் இருக்கிறது. ஏனென்றால் ஷாம்பெயின் நிலவறைகளில் பாட்டிலுக்குள் இரண்டாவது நொதிப்பு நடக்கும் காலம் முழுக்க அவற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் சோடா மூடிதான். குறைந்தது 15 மாதம், வருஷம் குறித்த ரகமானால் மூன்று வருஷம், பாட்டில் நிலவறையில் கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வண்டலை வெளியேற்றி, கடைக்கு அனுப்பும் கட்டத்தில்தான் தக்கை ஏறுகிறது.

இது தெரிந்ததும் என் கேள்வியே மாறிவிட்டது. நான் வண்டலை வெளியேற்றுவதில்லை. ஈஸ்ட் அடியிலேயே படிந்திருக்கும், மெதுவாக ஊற்றிக் குடிப்போம். அப்படியென்றால் என் பாட்டில்கள் ஆயுள் முழுக்க ஷாம்பெயினின் முதல் கட்டத்திலேயே இருக்கின்றன. ஆறு பார் அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கும் மூடி, என் மூன்று பாரைத் தாங்காதா?

இதில் கவனிக்க வேண்டியது அளவு. ஐரோப்பிய ஷாம்பெயின் பாட்டில்களுக்குப் பெரும்பாலும் 29 மி.மீ. மூடி, பீர் பாட்டில்களுக்கும் பல அமெரிக்க ஸ்பார்க்ளிங் பாட்டில்களுக்கும் 26 மி.மீ. மூன்று மி.மீ.தானே என்று விட்டால் கசிவு நிச்சயம். 26-ஐ 29 வாயில் வைத்தால் அது உட்காரவே உட்காராது. 29-ஐ 26 வாயில் அடித்தால் உட்கார்ந்த மாதிரி ஏமாற்றும். கண்ட இடத்தில் சேகரித்த பாட்டில்களானால் வாயை அளந்து இரண்டு கும்பலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கருவியின் அழுத்தும் கிண்ணமும் அதே அளவில் இருக்க வேண்டும். இரண்டு கைப்பிடி வைத்த சின்னக் கருவி ஷாம்பெயின் பாட்டிலின் தடித்த கழுத்து வளையத்தைச் சரியாகப் பிடிக்காது. மேசை மேல் நிற்கும், கிண்ணம் மாற்றக்கூடிய கருவியே வாங்குங்கள். அடித்த மூடியை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் சரியில்லை.

தண்ணீர் நிரப்பிய பத்து பாட்டில்களில் அடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்தேன். ஒன்றில் மட்டும் காலையில் துளி. தடவிப் பார்த்தால் அந்தப் பாட்டிலின் உதட்டில் மயிரிழை உடைசல். தக்கை மூடியதை நிற்க வைப்பதா படுக்க வைப்பதா என்ற குழப்பமும் இதில் கிடையாது. வண்டலோடு இருக்கும் சைடர் நிற்பதுதான் நல்லது, சோடா மூடிக்கு அது பொருட்டே இல்லை. சில சமயம் தக்கையால் வரும் அந்த ஈர அட்டைப்பெட்டி நாற்றமும் இதில் வராது.

குறை என்றால் ஒன்றுதான். திறக்கும்போது 'டப்' என்ற சத்தம் இல்லை, பார்வைக்குப் பெரிய பீர் பாட்டில் மாதிரி இருக்கிறது. கல்யாண மேசையில் வைக்க மனசு வராது.

மற்ற இரண்டும்

பிளாஸ்டிக் தக்கை, கருவி வாங்க விரும்பாதவர்களுக்கு நல்ல வழி. விலா விலாவாக வளையம் வைத்த பாலிதீன் தக்கை. காளான் தலை முதலிலேயே உண்டு. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு இளக்கி, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினால் தலை வாயில் உட்கார்ந்துவிடும். ஆழம் தப்பவே தப்பாது. மேலே கம்பிக் கூடு கட்டாயம். தட்டும்போது பாட்டிலைக் கல் தரையில் வைக்காதீர்கள். அடியில் மடித்த சாக்கு போடுங்கள். 'டப்' சத்தமும் கிடைக்கும். ஆனால் நீண்ட நாளைக்கு இது தாங்காது. கேஸ் மெல்ல மெல்லக் குறையும். ஒரு வருஷத்துக்குள் குடித்துவிடுகிற சைடருக்கு மட்டும் போடுங்கள்.

கம்பிப் பிடி வைத்த பீங்கான் மூடிப் பாட்டில் பார்க்க அழகு, திறந்து மூட வசதி. இது 1875 காலத்து ஏற்பாடு. ரப்பர் வளையம் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காய்ந்து வெடிப்பு விட்டால் கேஸ் நிற்காது. பீர் கம்பெனிப் பாட்டில்களானால் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாதீர்கள். வீட்டு அலங்காரக் கடையில் எண்ணெய், வினிகர் ஊற்றி வைக்க விற்பார்களே, அதே கம்பி மூடியோடு, சில சதுரமாகக்கூட இருக்கும். அவற்றில் நுரைக்கும் எதையும் ஊற்றாதீர்கள். ரப்பர் கசிந்து காப்பாற்றும் என்று நம்பவே வேண்டாம். மூடி தாங்கும், கண்ணாடி தாங்காது, அதுதான் ஆபத்து. வீட்டில் சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அப்படியொரு பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன், அன்று முழுக்க எனக்கு நிம்மதியில்லை.

என் முடிவு

48-இல் 40 பாட்டிலுக்கு 29 மி.மீ. சோடா மூடி. மேசைக் கருவி வாங்கிவிட்டேன். கிண்ணத்தையும் சேர்த்தால் இரண்டு வருஷத் தக்கை, கம்பி, வாடகைச் செலவுக்குள் அடங்கிவிட்டது, மூடி ஒன்றுக்குச் சில பென்ஸ்தான். மீதி எட்டு, ஜூனில் தங்கை மகள் கல்யாணத்துக்கு. அவற்றுக்குப் பிளாஸ்டிக் தக்கையும் கம்பியும். மூன்றே மாதத்தில் திறந்துவிடுவோம் என்பதால் கேஸ் குறையும் பயமில்லை. மேலே தங்கக் காகிதம் சுற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நிஜத் தக்கையை நான் கைவிட்டுவிடவில்லை. நூறு பாட்டிலுக்கு மேல் செய்கிறவர், வண்டலை வெளியேற்றுகிறவர், 31 மி.மீ. தக்கைக்கென்றே செய்த கருவி வாங்க முடிகிறவர் தாராளமாக அதற்குப் போகலாம். சரியாக உட்கார்ந்த அந்தப் பத்துத் தக்கைகளும் போன வருஷம் டிசம்பரில்கூட நன்றாக நுரைத்தன. ஆனால் ஒயின் கருவியை வாடகைக்கு எடுத்து, வருஷம் ஒரு தடவை, பாதிக் கை பழக்கத்தோடு அடிக்கிறவருக்கு அது ஏற்றதில்லை.

சர்க்கரையையும் இந்த வருஷம் லிட்டருக்கு 10 கிராமாகக் குறைத்துவிட்டேன். 36 லிட்டருக்கு 360 கிராம். நிரப்புவதற்கு முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை, மிச்சச் சர்க்கரையை அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தேன். இரண்டு தடவையும் 1.000. நொதிப்பு முடியாமல் மிச்சச் சர்க்கரையோடு மூடினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்யாகிவிடும், எந்த மூடியும் காப்பாற்றாது. நிரப்பும் நாளில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தடித்த கையுறையும். பாட்டில்களை மூடிய மரப்பெட்டிக்குள் வைத்து, 15 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வையுங்கள். என்னுடையவை இந்தத் தடவை கொட்டகையில் இல்லை, வீட்டு மாடிப்படிக்கு அடியில், வடக்குச் சுவரோரம்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அரை லிட்டர் சோடா பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றும் நிற்கிறது. அதே சைடர், அதே சர்க்கரை. கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. இதை அமுக்கினால் தெரியும். நிரப்பிய அன்று விரல் வைத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. பத்தாவது நாள் நேற்று அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம்தான் நெகிழ்கிறது. கல் மாதிரி ஆனதும் முதல் கண்ணாடி பாட்டிலைக் குளிரவைத்துத் திறக்கப் போகிறேன்.